2008 சான்ட்ரோ: ஸ்கிராப் சர்டிபிகேட் வாங்கலாமா, எக்ஸ்சேஞ்ச் போடலாமா? (சேலம் / ஏற்காடு)

அஸ்தம்பட்டிக்காரன்:

வணக்கம். சான்ட்ரோ ஜிங், பெட்ரோல், டி.என். 30, 2008 ஜூன் ரிஜிஸ்ட்ரேஷன். ஆர்.சி. அப்பா பெயரில். அப்பா இப்போது இல்லை. வாரிசுச் சான்றில் அம்மா, நான், தங்கை. 2023 ஜூனோடு 15 வருஷம் முடிந்துவிட்டது, ரினியூவல் பண்ணவில்லை. லோன் கட்டி முடித்து வருஷங்கள் ஆகியும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கிறது. வண்டி ஏற்காட்டு வீட்டில் இரண்டு வருஷமாக நிற்கிறது, ஸ்டார்ட் ஆகாது.

என் பெயரில் ஷோரூம் விலை 6.5 லட்சத்துக்குள் ஒரு சின்ன பெட்ரோல் கார் எடுக்கப் போகிறேன். டீலர் எக்ஸ்சேஞ்சில் எல்லாம் சேர்த்து 35,000 என்கிறார். காயலாங்கடையில் 28,000 ரொக்கம், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்களாம். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் வரிச்சலுகை உண்டு என்கிறார்கள். உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்? வெளிநாட்டில் செய்த மாதிரி அரசே பணமாகக் கொடுக்கிறதா? எதை முதலில் செய்ய வேண்டும்?

வரிக்கணக்கு:

அரசு உங்கள் கையில் பணமாக எதுவும் தராது. நம் திட்டத்தில் சலுகை வருவது, புது வண்டிக்கு நீங்கள் கட்ட வேண்டியதில் கழிவாக. மையத்தில் வண்டியை ஒப்படைத்ததும் அரசின் வண்டிப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் 'சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்' ஒன்று உருவாகும். சலுகை முழுக்க அந்தத் தாளை நம்பித்தான். இரும்பு விலை தனி.

உங்கள் எண்ணிலேயே போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13%. 6.5 லட்சத்துக்கு 84,500. 2021 அக்டோபரில் வந்த மத்திய விதி, சொந்த உபயோக வண்டிக்கு 25% வரை, வாடகை வண்டிக்கு 15% வரை கழிவு தரலாம் என்கிறது. உங்களுக்கு உச்சம் 21,125. அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள்: விகிதத்தை முடிவு செய்வது மாநிலம். அதனால் புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தச் சர்டிபிகேட்டைப் போட்டால் எவ்வளவு கழிகிறது என்று டீலரின் ரிஜிஸ்ட்ரேஷன் ஆளிடமும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டு, அந்தத் தொகையைக் கொட்டேஷனில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

புது வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் தள்ளுபடி. காருக்கு அது 600 ரூபாய்தான், பெரிதாக நினைக்க வேண்டாம்.

கார் கம்பெனிகளின் தள்ளுபடி வேறு. 2024 ஆகஸ்டில் பல கம்பெனிகள், கடந்த ஆறு மாதத்துக்குள் ஸ்கிராப் செய்தவர்களுக்கு ஷோரூம் விலையில் 1.5% அல்லது 20,000, எது குறைவோ அது என்று ஒப்புக்கொண்டன. உங்களுக்கு 9,750. ஆனால் அது ஓர் ஆண்டுக்கு என்று அறிவித்த சலுகை. எக்ஸ்சேஞ்ச் போனஸுடன் சேர்த்துத் தருவதா வேண்டாமா என்பதும் கம்பெனி விருப்பம். கொட்டேஷனில் எழுத்தில் இருந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

இரும்பு விலை: சான்ட்ரோ சுமார் 850 கிலோ. கிலோ 25 ரூபாய் என்று வைத்தால் 21,250.

எல்லாம் கிடைத்தால் 52,725. வரிக்கழிவு கிடைக்காவிட்டால் 31,600, அதாவது எக்ஸ்சேஞ்சை விடக் குறைவு. உங்கள் முடிவு அந்த ஒரு வரியில் தொங்குகிறது.

ஆனால் அந்த 35,000-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் வண்டி இன்னொருவர் பெயருக்கு மாற வேண்டும். ஆர்.சி. உயிரோடு இல்லாமல் பெயர் மாறாது. ரினியூவல் கட்டணம் 5,000. மத்திய விதிப்படி தாமதத்துக்கு மாதம் 500. முப்பது மாதம் என்றால் 15,000, ஆக 20,000. அதற்கு மேல் பசுமை வரி, இன்சூரன்ஸ், ஓடாத வண்டியை இன்ஸ்பெக்ஷனுக்குத் தயார் செய்யும் செலவு. பேப்பரை எடுத்துப் பார்த்ததும் டீலர் இதையெல்லாம் கழித்துக்கொண்டுதான் பேசுவார். ஆர்.சி. உயிரோடு, ஓடும் நிலையில் இருக்கும் காரென்றால் நேரடி விற்பனையே லாபம் என்று சொல்வேன். உங்கள் வண்டி அந்த ரகம் இல்லை.

படிவம் 35:

பணக்கணக்கு மேலே சரியாக வந்துவிட்டது. பேப்பர் வரிசையைச் சொல்கிறேன், பாதிப்பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை பேங்க். ஆர்.சி.யில் ஹெச்.பி. (லோனுக்கான பேங்க் அடமானக் குறிப்பு) நிற்கும்வரை மையம் வண்டியை எடுக்காது. வாகன் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சர்டிபிகேட் போட முடியும். லோன் கொடுத்த கிளையில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேளுங்கள், அடமானத்தை நீக்கும் படிவம் 35 இரண்டு பிரதி, பேங்க் கையெழுத்து, சீல். என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் 90 நாள் காலக்கெடு போட்டுக் கொடுப்பார்கள், வாங்கி பீரோவில் வைத்துவிடாதீர்கள். பேங்க் இன்னொன்றோடு இணைந்திருந்தால் புதுப் பெயரில் தரும் கடிதத்தில் பழைய பெயரும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்.டி.ஓ. கவுன்ட்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்து அந்த நம்பரில் நிலுவைச் செலான் இருக்கிறதா என்று அரசுப் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் பாருங்கள். இருந்தால் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரிசு விஷயம். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு வாரிசே ஒப்படைக்கலாம். அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அடையாள அட்டை நகலோடு. இங்கே ஒன்றைத் தவற விடாதீர்கள்: சர்டிபிகேட் யார் பெயரில் வருகிறதோ அவர் பெயரில்தான் புதுக் காரும் இருக்க வேண்டும். ஒப்படைப்பவராக அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, புதுக் காரை உங்கள் பெயரில் புக் செய்தால் கழிவு விழாது. அப்புறம் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் டிஜி-ஈ.எல்.வி. தளம் வழியாகச் சர்டிபிகேட்டை மாற்ற வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே உங்கள் பெயரில் வரும்படி மையத்தில் பேசி உறுதி செய்துகொண்டு வண்டியை அனுப்புங்கள். 'ராஜா. எஸ்', 'எஸ். ராஜா' மாதிரி இனிஷியல் வித்தியாசம்கூட ஆதார், பேங்க் கணக்கு, வாரிசுச் சான்று மூன்றிலும் இருக்கக் கூடாது.

விண்ணப்பம் பரிவாகனின் வி-ஸ்கிராப் பக்கத்தில். மையத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், உங்கள் மாவட்டத்திலேயே, ஏன் மாநிலத்திலேயே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத எவர் 'நாங்களும் சர்டிபிகேட் தருவோம்' என்றாலும் நம்பாதீர்கள். வாகன் தளத்தில் ஏறாத தாளுக்கு மதிப்பில்லை. ஒரிஜினல் ஆர்.சி., கேன்சல் செய்த காசோலை, அடையாளச் சான்று, வழக்கு எதிலும் வண்டி இல்லை என்ற உறுதிமொழி இவை கேட்பார்கள். திருட்டு வண்டிப் பதிவிலும் நம்பரைச் சரிபார்ப்பார்கள். பணம் பேங்க் கணக்குக்கு வர வேண்டும்.

நாள் வரிசை முக்கியம். சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகே புது வண்டியின் வரியைக் கட்ட வேண்டும். வரி கட்டி நம்பர் வாங்கிவிட்டு, பிறகு சர்டிபிகேட்டைக் காட்டித் திரும்பக் கேட்டால் எதுவும் வராது. ஒரு தடவை பயன்படுத்தியதும் அது வாகனில் ரத்தாகிவிடும், இரண்டாவது வண்டிக்குச் செல்லாது.

காயலாங்கடை வேண்டவே வேண்டாம். 28,000 ரொக்கம் கையில் இருக்கும், ஆனால் அப்பா பெயரில் ரிஜிஸ்ட்ரேஷன் ரத்தாகாமல் அப்படியே நிற்கும். அந்த சேஸிஸ் நம்பரை வெட்டி எந்தத் திருட்டு வண்டியில் ஒட்டினாலும் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. அங்கீகார மையத்தில் சேஸிஸ் நம்பர் உள்ள தகட்டைத் தனியாக வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்துவது விதி. வண்டியை உடைத்த பிறகு இரண்டாவது தாளாக 'ஸ்கிராப்பிங் சர்டிபிகேட்' வரும், அதையும் கேட்டு வாங்குங்கள். கடைசியில் வாகனில் நம்பரைப் போட்டு ரிஜிஸ்ட்ரேஷன் ரத்து என்று காட்டுகிறதா பாருங்கள்.

ஐந்துரோடு ஒர்க்‌ஷாப்:

பேப்பர் சொல்லிட்டாங்க, நான் வண்டியைச் சொல்றேங்க. ஏற்காட்டுல ரெண்டு வருஷம் நின்ன வண்டி, அதுவும் அந்த ஈரத்துல. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தா பின்னாடி ரெண்டு டிரம்மும் ஷூவோட சேர்ந்து துருப்பிடிச்சு இறுகியிருக்கும். அதை அப்படியே இழுத்தா டயர் உருளாது, தரையில தேய்ஞ்சுட்டே வரும். முதல்ல ஹேண்ட் பிரேக்கை விடுங்க. டிரம் விளிம்பைச் சுத்திச் சுத்தியால தட்டிப் பாருங்க, நடுவுல அடிக்காதீங்க. அப்பவும் விடலைன்னா வீலைக் கழட்டுங்க. டிரம் முகப்புல மரை போட்ட ரெண்டு சின்ன ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல பொருந்துற போல்ட் ரெண்டைப் போட்டு, ரெண்டையும் மாத்தி மாத்திக் கால் சுத்து கால் சுத்தா இறுக்கினா டிரம் வெளிய தள்ளிட்டு வந்துடும். ஒரு பக்கமே இறுக்கினா விளிம்பு உடையும். வேலை செய்யறதுக்கு முன்னாடி மத்த வீலுக்கு எல்லாம் கட்டை வைங்க, அங்க வீட்டு வாசல்ல சமதரை கிடைக்கிறதே கஷ்டம்.

கயிறு கட்டி இழுத்துட்டுக் கீழ வரலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. சேலம் ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் ஓடாத வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் கிடையாது. ரெண்டு மூணு மிதியோட பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங்கும் ரொம்ப இறுக்கமா ஆயிடும். வளைவுல முன்வண்டி திரும்பறப்ப கயிறு தளரும், உங்க வண்டி அதும்மேலயே போய் ஏறும். அதோட ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டியோட டயர் ரோட்டுல படவே கூடாது. பிளாட்பெட் ரெக்கவரி வண்டிதான். பெல்ட்டை நாலு டயர் மேலயும் போட்டுக் கட்டச் சொல்லுங்க. சஸ்பென்ஷன்ல மட்டும் கொக்கி மாட்டினா ஒவ்வொரு வளைவுலயும் வண்டி ஆடி ஆடிப் பெல்ட் தளரும். மலையிறக்கத்துக்குன்னு தனியா ரேட் பேசிக்கங்க, மையம் வெளியூர்னா ஏற்காட்டுல இருந்து நேரா அங்கயே இறக்குற மாதிரி பேசினா ரெண்டு தடவை ஏத்தி இறக்குற கூலி மிச்சம்.

மையத்துல எங்க கழிப்பாங்கன்னா, முதல்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சர் பைப்புல புகையைச் சுத்தம் பண்ற பாகம். உள்ள தேன்கூடு மாதிரி இருக்கிற பீங்கான்ல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். எங்கயாவது சைலன்சர் வேலை பார்த்தப்ப அதை எடுத்துட்டு வெறும் பைப் வெச்சு வெல்டு பண்ணியிருந்தா விலை இறங்கும். தட்டிப் பார்த்தா வெறும் பைப் கணீர்னு கேட்கும். அடுத்து பேட்டரி, ஏ.சி. கம்ப்ரஸர், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், அஞ்சு வீல். வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி பானெட் திறந்து, அடியிலயும் போட்டோ எடுத்து வைங்க. அங்க போனப்புறம் 'இது இல்லை'ன்னு சொன்னா காட்டலாம். ஸ்டீரியோ, உங்க சாமான், பாஸ்டேக் ஸ்டிக்கர் எடுத்துக்கங்க, மத்ததை அப்படியே விடுங்க. ஏ.சி. கேஸைத் திறந்து விடாதீங்க, அதை மையத்துல மிஷின் வெச்சு எடுக்கணும்.

எடை மேடைச் சீட்டு ரெண்டு கேளுங்க: வண்டியோட ரெக்கவரி லாரி ஒரு தடவை, இறக்கிட்டு வெறும் லாரி ஒரு தடவை. ரெண்டையும் கழிச்சுப் பார்த்தா 700 கிலோதான் வருதுன்னா உடனே அங்கயே கேட்டுடணும். அப்புறம் கேட்டா வேலைக்காகாது.

அஸ்தம்பட்டிக்காரன்:

ரொம்ப நன்றி. சைலன்சர் மாற்றியது நினைவில்லை, பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: மைலேஜ் குறைந்த வண்டி என்று நிரூபிக்க வேண்டுமா? புகைச் சான்றும் காலாவதியாகிவிட்டது.

பழைய வண்டி புதிய வரி:

வேண்டாம். மைலேஜுக்கும் நம் திட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் முதலில் கேட்ட வெளிநாட்டுக் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. அமெரிக்காவில் 2009-ல் நடத்திய திட்டத்தில் பழைய வண்டியின் மைலேஜ் காலனுக்கு 18 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர், அதற்குள் இருந்தால்தான் தகுதி. புது வண்டி எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதைப் பொறுத்து 3,500 அல்லது 4,500 டாலரை அரசே கொடுத்தது. பழைய இன்ஜின் திரும்ப ஓடக் கூடாது என்று ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் 9 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு 2,500 யூரோ. அங்கே வயதுதான் அளவுகோல், மைலேஜ் இல்லை.

இங்கே இரண்டுமே கட்டாயம் இல்லை. சொந்த உபயோகக் காரை 15 வருஷத்தில் உடைத்தே தீர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் கிடையாது. டெல்லி விஷயம் வேறு. அரசு வண்டிகளுக்கு மட்டும் 2023 ஏப்ரல் முதல் 15 வருஷம் என்பது முடிவான கெடு. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சின்ன சான்ட்ரோவுக்கும் 9 ஓடும் பழைய ஜீப்புக்கும் ஒரே விகிதக் கழிவு என்பது திட்டத்தின் பெரிய குறை என்பது என் கருத்து. சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளில் நிற்கும் பழைய டீசல் ஜீப்புகளுக்குத்தான் முதலில் கூடுதல் சலுகை போயிருக்க வேண்டும்.

ஒப்படைக்கப் போகும் வண்டிக்குப் புகைச் சான்று தேவைப்படாது.

படிவம் 35:

ஒரு சேர்க்கை. கடைசியாக முழு இன்சூரன்ஸ் போட்டது எப்போது என்று பாருங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தரும் கழிவு) இருந்தால் அதைப் புது வண்டிக்கு மாற்றலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும். உங்கள் வண்டிக்கு அது தாண்டிவிட்டது. இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்கள், பாலிசி உயிரோடு இருக்கும்போதே ஒப்படைத்தால், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனஸ் கடிதம் கேட்டு வாங்குங்கள். மூன்று வருஷம் செல்லும்.

அஸ்தம்பட்டிக்காரருக்கு: நாளைக்கே பேங்க் கிளைக்குப் போய் என்.ஓ.சி.க்கு எழுதிக் கொடுங்கள். பழைய லோன் ஃபைலைத் தேடி எடுக்க அவர்களுக்குத்தான் நாள் பிடிக்கும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.