மேடைப் பயம் போக: தனிப் பயிற்சியா, குழுவா?

தேனிக்காரன்: வயது 34. அலுவலகக் கூட்டத்தில் பேச எழுந்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. விஷயம் எல்லாம் தெரியும், வாய்தான் எழுவதில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போகப் போகிறேன். தனியாக ஒருவரிடம் கற்பதா, குழுவில் சேர்வதா?

வைகைக்கரை: குழுதான் தம்பி. கூட்டத்தைக் கண்டு வரும் பயம் கூட்டத்தில்தான் தெளியும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று, உறுப்பினர்கள் கூடி மேடைப் பேச்சு பழகும் மன்றம் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள். 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கியது. முதல் பேச்சு 4 முதல் 6 நிமிடம், உங்களைப் பற்றியே பேசலாம். திடீரென்று ஒரு தலைப்பு கொடுத்து 2 நிமிடம் வரை பேசவும் சொல்வார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்ட ஒருவர், நீங்கள் எத்தனை முறை "ஆ...", "வந்து..." என்று இழுத்தீர்கள் என்று எண்ண ஒருவர். குறைந்தபட்ச நேரம் பேசி முடித்தால்தான் பச்சை வரும். முதல் நாள் அது வருவதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் மறுவாரமும் என்னைப் போக வைத்தது.

மழைச்சாரல்: எனக்குக் கைதட்டல் உதவவில்லை அண்ணா. ஒரு குழு வகுப்பில் ஆறு மாதம் இருந்தேன். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் எனக்கு ஏன் மூச்சு நின்றுபோகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு தனியாக ஒருவரிடம் போனேன். மூன்றாம் நாள் அவர் கேட்டது: "பேச எழும்போது யார் முகம் கண்முன் வருகிறது?" பள்ளியில் நான் வாசித்ததைக் கேட்டுச் சிரித்த ஆசிரியை. இருபது பேர் நடுவில் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அப்புறம் கணக்கையும் பாருங்கள். 24 பேர் இருக்கும் மன்றத்தில் வாரம் மூன்று பேர் தயாரித்துப் பேசினால், உங்கள் முறை வர எட்டு வாரம் ஆகும்.

வைகைக்கரை: கணக்கு சரி. ஆனால் மற்ற வாரங்களில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லையே! அடுத்தவர் பேச்சை மதிப்பிட எழுந்தாலும் அதுவும் பேச்சுதான். அதே பயத்தோடு வந்தவர் மூன்றே மாதத்தில் நிமிர்ந்து பேசுவதை நேரில் பார்க்கிறோம். தனி அறையில் இது கிடைக்காது. ஆனால் பழைய காயம் உள்ளவருக்குக் குழு போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உப்புக்காற்று: ஒரு எச்சரிக்கை. பயிற்சியாளர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், உரிமம் தேவையில்லை. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். திக்குவாய் இருந்தால் இரண்டுமே வேண்டாம், முதலில் பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள்.

தேனிக்காரன்: திக்கல் இல்லை. மழைச்சாரல் அக்கா, நீங்கள் சொன்ன கேள்வியை ராத்திரி முழுக்க யோசித்தேன். எனக்கு யார் முகமும் வரவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை, அதுதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை இங்கே ஒரு மன்றத்துக்கு விருந்தினராகப் போகிறேன்.

மழைச்சாரல்: அப்படியானால் குழுவுக்கே போங்கள் தம்பி. அங்கே முதல் வரிசையில் உட்காருங்கள்.