தூரப் பயணத்துக்கு எந்த சைக்கிள்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

ஆரணி, செஞ்சி வழியாகப் பாண்டிச்சேரி வரை போய்வர எந்த சைக்கிள் வாங்கலாம் என்று காட்பாடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் ஏறி உட்கார்ந்ததும் சீட் மெத்தென்று இருக்கிறதே என்று வண்டியை முடிவு செய்யாதீர்கள். மெத்தை சீட்டில் உட்காரும் எலும்பு உள்ளே அமுங்கி, நடுவில் இருக்கும் பகுதி மேலே பிதுங்கி அழுத்தும். அரை மணி நேரத்துக்கு சுகம், கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் மரத்துப்போகும். கொஞ்சம் கெட்டியாக, உங்கள் எலும்பு அகலத்துக்குச் சரியாக இருக்கும் சீட்தான் நாள் முழுக்கத் தாங்கும்.

எனக்கு வேறொரு தொந்தரவு இருந்தது. தூரம் போனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். ஆரணியில் வயதான மெக்கானிக் ஒருவர் செயினுக்கு எண்ணெய் விடும்போது அதைக் கேட்டுவிட்டு, என் முழங்கையை சீட் மூக்கில் வைத்து, விரலை ஹேண்டில்பார் பக்கம் நீட்டச் சொன்னார். விரல் நுனிக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. “இன்னாபா, வண்டி உனுக்கு நீளமா கீது. உடம்பு பாரம் பூரா கையில எறங்குது” என்றார். உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவதால்தான் அந்த இரண்டு விரல் மட்டும் மரக்கிறது. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டைக் குட்டையாக மாற்றி, ஹேண்டில்பாரை சீட் மட்டத்துக்கு ஏற்றிக் கொடுத்தார். அதோடு போயிற்று. முழங்கைக் கணக்கு தோராயம்தான், ஆனால் கடையிலேயே பார்த்துவிடலாம். சீட் உயரத்துக்கும் ஒரு வழி உண்டு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணன் சொன்னது சரி. அதோடு கியரையும் பாருங்கள். பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும்போது, புலவர், வள்ளல் பெயரெல்லாம் வைத்த அந்த 14 கொண்டை ஊசி வளைவில், ரேஸ் வண்டியில் பையைக் கட்டிவந்த ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். நல்ல கால்பலம் உள்ளவர்தான். அவர் வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் சின்னதே 34 பல், பின்னால் பெரியது 28. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டர் போயாக வேண்டும். சுமையோடு மேட்டில் அது முடியாது. கொஞ்ச நேரத்தில் கணவன் மனைவி இருவர் ஸ்டீல் ஃபிரேம் வண்டியில், நாலு பை தொங்க, உட்கார்ந்தபடியே மெதுவாக ஏறிப்போனார்கள். முன்னால் 22, பின்னால் 34. ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்தான்.

நின்று பேசியபோது அந்த அம்மா இன்னொன்றையும் காட்டினார். பெடலுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே நீளம் தாராளமாக இருந்ததால் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கவே இல்லை. வாங்கும்போது கேரியர் மாட்ட ஃபிரேமில் திருகு ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாத வண்டியில் கிளிப் போட்டுக் கட்டுவது ஜவ்வாது மலை ரோட்டில் நிற்காது.

போளூரிலிருந்து:

ஜமுனாமரத்தூர் ரோட்டில் சீமைக் கருவேல முள் ஏறி நின்ற ஒருவருக்கு உதவப் போனேன். பஞ்சர் போட்டாயிற்று, காற்று அடிக்க முடியவில்லை. அவர் ட்யூபில் இருந்தது ஒல்லி வால்வு. பஞ்சர் கடை பம்ப் அதில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. பைக்கில் இருக்கும் தடி வால்வு போட்ட ட்யூபாக வாங்கினால் அந்தக் கவலையே இல்லை, பெட்ரோல் பங்கிலும் அடித்துக்கொள்ளலாம்.

ஊர்க்கடைகளில் தொங்கும் 28 இஞ்ச் டயர், கியர் சைக்கிள்கள் பலவற்றில் வரும் 700சி என்ற அளவு ரிம்முக்குச் சேராது. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அதில் 635 மில்லிமீட்டர், இதில் 622. 26 இஞ்ச் என்றால் பெரும்பாலும் கிடைக்கும். 700சி எடுத்தால் ட்யூப் இரண்டு கையில் இருக்கட்டும், டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள்.

தம்பி, வெறுங்காலில் சுவரோரம் நின்று கால் உள்ளளவை, அதாவது கவட்டிலிருந்து தரை வரை, அளந்து இங்கே எழுதுங்கள். ஃபிரேம் சைஸ் சேர்ந்து பார்ப்போம்.