பெண்களின் அனுபவங்களைக் கேட்பதால் ஆண்களின் கருத்து மாறுமா?

கேள்வி:
சம உரிமை, சம ஊதியம் ஆகியவற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சட்டத்தில் சமத்துவம் வந்துவிட்ட இடங்களில் பெண்ணியம் இன்னும் எதற்காகப் போராடுகிறது என்று கேட்டால், "முதலில் பெண்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்" என்றே பதில் வருகிறது. ஒருவரின் தனிப்பட்ட அனுபவம் பொதுக் கருத்துக்கு எப்படி ஆதாரமாகும்? அப்படிக் கேட்டுத் தம் பார்வையை மாற்றிக்கொண்ட ஆண்கள் உண்டா?

மறுமொழி 1:
பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் உண்டு. ஆணும் பெண்ணும் சமம் என்ற கொள்கை, பின்னாளில் தம் மனைவியான ஹேரியட் டெய்லரைச் சந்திப்பதற்கு முன்பே தமக்கு இருந்தது என்றும், பெண்கள் மீதான தடைகள் நடைமுறை வாழ்வில் எவ்வளவு தூரம் பாதிக்கின்றன என்பதைப் பெரும்பாலும் அவரிடமிருந்தே கற்றதாகவும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். உங்கள் நிலையும் ஏறக்குறைய அதுதான்: கொள்கை இருக்கிறது, அது மீறப்படும் இடங்கள் கண்ணில் படவில்லை. பெண்களுக்கும் வாக்குரிமை கோரி 1867-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மில் கொண்டுவந்த திருத்தம் 73-க்கு 196 என்ற வாக்குகளில் தோற்றது.

மறுமொழி 2:
ஓர் அனுபவம் எதையும் நிறுவிவிடாது என்பது சரி. ஆனால் எதைக் கணக்கெடுக்க வேண்டும் என்பதை அதுதான் காட்டும். இரவில் தனியே நடக்கும் பெண் யாருடனோ பேசுவதுபோல் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வதும், ஒரு பெண் அலுவலகக் கூட்டத்தில் சொன்னபோது கவனிக்கப்படாத யோசனை ஓர் ஆண் சொன்னதும் பாராட்டப்படுவதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 1975-இல் அமெரிக்காவின் இத்தாகா நகரில் பெண்கள் ஒன்றுகூடி, பணியிடத்தில் தாங்கள் பட்ட பாலியல் தொல்லைகளை வெளிப்படையாகப் பேசினார்கள். தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று நினைத்திருந்தது பலருக்கும் பொதுவானது என்பது அத்தகைய பேச்சுகளால்தான் தெரியவந்தது. அத்தொல்லையும் சட்டவிரோதமான பாலினப் பாகுபாடாகலாம் என்று 1986-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஆண்கள்.

மறுமொழி 3:
இதில் ஒரு நெருடலும் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கை சமமாக உள்ள அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒப்பிட்டால், மகள்கள் அதிகம் உள்ளவர்கள் பெண்களின் உரிமைகளுக்கு, குறிப்பாகக் கருக்கலைப்பு போன்ற இனப்பெருக்க உரிமைகளுக்கு, ஆதரவாகக் கூடுதலாக வாக்களித்தார்கள் என்று பொருளியலாளர் எபோன்யா வாஷிங்டன் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் தன் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தால்தான் உறைக்கும் என்றால், மகள் இல்லாதவரின் வாக்கை நம்பியிருக்கும் பெண்கள் என்ன செய்வது?

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் உடன் பணிபுரியும் பெண்களிடம் நேரடியாகவே கேட்கலாமா?

மறுமொழி 2 எழுதியவர்:
கேட்கலாம், சாட்சிக் கூண்டில் மட்டும் நிறுத்தாதீர்கள். "ஏன் அப்போதே புகார் கொடுக்கவில்லை?" என்று இடைமறித்தாலோ, "எல்லா ஆண்களும் அப்படியில்லை" என்று தொடங்கினாலோ, எதிரில் இருப்பவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார், நீங்களும் கேட்டாயிற்று என்று எண்ணிக்கொள்வீர்கள். பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும், பெண்ணியத்தை ஏற்காத பெண்களுக்கும் சொல்ல அனுபவம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். பேச விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்த வேண்டாம். பெண்கள் எழுதிய தன்வரலாறுகள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றிலிருந்தே தொடங்கலாம்.