பீடியே தொடாத அம்மாவுக்கு சி.ஓ.பி.டி.: மேற்கொண்டு முற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: சாத்தூர்க்காரன்
அம்மாவுக்கு 63 வயசு. ரொம்ப வருஷம் இட்லிக் கடை நடத்தினாங்க. சீமைக்கருவேல விறகுதான் அடுப்புக்கு. கடையை மூடியாச்சு, வீட்டிலும் கேஸ் வந்தாச்சு. இப்போ மாடிப்படி ஏறினாலே இளைப்பு, காலையில் சளி. மெஷினில் ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்துட்டு, சி.ஓ.பி.டி.ன்னு, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட இளைக்க வைக்கிற நுரையீரல் நோய்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. அப்பாதான் பீடி குடிப்பார். மாத்திரையை உள்ளே போட்டு உறிஞ்சுற பம்பு எழுதியிருக்காங்க. அதைப் பழகினா விட முடியாதுன்னு சித்தி பயமுறுத்துறாங்க. ஆஸ்பத்திரியில் படுக்கிற நிலைமை வராம இருக்க என்ன செய்யணும்?

பதில்: மாடக்குளம் அக்கா
தம்பி, நான் நெஞ்சக நோய் வார்டில் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. சித்தி பேச்சைத் தள்ளி வைங்க. பம்பு போதை மாதிரி பழகுற சாமான் இல்லை, மருந்து மூச்சுக்குழாய்க்கே நேரா போகுது. பயப்பட வேண்டியது இளைப்புன்னு போனதும் சில இடத்தில் குத்துற டெக்ஸாங்கிற ஸ்டீராய்டு ஊசிக்குத்தான். அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். அடிக்கடி போட்டா சர்க்கரை ஏறும், எலும்பு பலம் போகும்.

பீடி தொடாத பொம்பளைங்க எங்க வார்டில் நிறையப் பேர் வருவாங்க. பணக்கார நாடுகளில் இந்த நோய்க்கு 70 சதவீதத்துக்கு மேல புகையிலைதான் காரணம், நம்மளை மாதிரி நாடுகளில் அது 30-40 சதவீதம்தான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மிச்சத்தில் அடுப்புப் புகைக்குப் பெரிய பங்கு. பழைய காசநோய், தூசி வேலை, சரியா வைத்தியம் பார்க்காத ஆஸ்துமா, இதுங்களும் சேரும்.

கேஸ் வந்தாச்சுங்கிறீங்க. வெந்நீர் எதில் போடுறாங்க? நான் கேட்ட வீட்டில் எல்லாம் சமையல் கேஸில் நடக்கும், வெந்நீருக்கு மட்டும் கொல்லையில் மூணு கல்லைக் கூட்டி முள்ளு எரியும். அதில் ஊதாங்குழலை வச்சு ஊதுறது யாரு? அம்மாதான். போன நுரையீரல் திரும்ப வராது தம்பி. புகையை நிறுத்தினா தேயுற வேகம் குறையும், அவ்வளவுதான் நம்ம கையில் இருக்கு. கொசுவர்த்தி, சாம்பிராணி, குப்பை கொளுத்துறது எல்லாம் இதே கணக்கு. போகிக்கு அம்மா வெளியே வரவே வேண்டாம்.

அப்புறம், அம்மாவை எதிரே உட்கார வச்சு பம்பு எடுக்கச் சொல்லிப் பாருங்க. அந்த மாத்திரையைத் தண்ணி ஊத்தி முழுங்குறவங்களை நானே பார்த்திருக்கேன்!

சாத்தூர்க்காரன்
அக்கா, வெந்நீர் விஷயம் அப்படியே எங்க வீடுதான். பம்பு எடுக்கச் சொன்னேன். அம்மா வாயில் வச்சு உறிஞ்சாம ஊதுறாங்க! பவுடர் முழுக்கச் சேலையில். கேட்டா, "டெஸ்ட் எடுத்த பொண்ணு நல்லா ஊதுங்கன்னு சொல்லுச்சே"ங்கிறாங்க.

மாடக்குளம் அக்கா
அது சரி! அவங்க மேல தப்பே இல்லை, யாரும் செஞ்சு காட்டலை. முதலில் மூச்சை வெளியே விடணும், ஆனா கருவிக்குள்ளே விடக்கூடாது, ஈரம் பட்டா பவுடர் கட்டிக்கும். அப்புறம் உதட்டை இறுக்கி வச்சு, வேகமா ஆழமா உறிஞ்சி, பத்து எண்ணுற வரைக்கும் மூச்சைப் பிடிக்கணும். கூட்டைத் திறந்து பாருங்க, பவுடர் மிச்சம் இருந்தா இன்னொரு தடவை. ஸ்டீராய்டு கலந்த மருந்துன்னா வாயைக் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லாட்டி நாக்கில் வெள்ளை படியும். தினமும் எடுக்கச் சொன்ன பம்பை இன்னைக்கு இளைப்பு இல்லைன்னு விடக்கூடாது.

பதில்: கயத்தாறு மைந்தன்
எங்க அப்பாவுக்கும் இதேதான், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் ஓடுது. ஒண்ணு சொல்லிக்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்க்க விரலில் மாட்டுற கருவியில் 90 காட்டுதேன்னு பதறி அண்ணன் ஆக்சிஜனைக் கூட்டி வச்சுட்டான். டாக்டர் சத்தம் போட்டார். இந்த நோய்க்காரங்களுக்கு 88-லிருந்து 92 வரை இருந்தா போதுமாம். கூடிப்போனா கரியமில வாயு உடம்பில் தேங்கி ஆளே மயங்கிடுவாராம். மெஷின் பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடவே கூடாது.

சாத்தூர்க்காரன்
அம்மாவுக்கு ஆக்சிஜன் வரைக்கும் போகலை. தடுப்பூசி ஏதும் உண்டா? நடக்கச் சொல்லலாமா? எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மாடக்குளம் அக்கா
ஃப்ளூ ஊசி வருஷா வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னாடி. நிமோனியாவுக்கும் ஊசி இருக்கு, எதுன்னு டாக்டரைக் கேளுங்க. நடக்கணும் தம்பி, கட்டாயம் நடக்கணும். இளைக்குதேன்னு உட்கார்ந்தா தொடைச் சதை கரைஞ்சு, அடுத்த மாசம் பாத்ரூம் போகவே இளைக்கும். இளைப்பு வந்தா நின்னு, மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடச் சொல்லுங்க. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு வேளை, முட்டையும் பருப்பும் சேர்த்து.

சளி கூடி மஞ்சள், பச்சையா மாறினா, வழக்கத்தை விட இளைப்பு ஏறினா, அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். கால் வீங்கினாலும் போய்க் காட்டணும், இதயத்துக்கு சுமை ஏறியிருக்கலாம். உதடு நீலமா தெரிஞ்சா, பகலில் தூங்கி வழிஞ்சு பேச்சு குழறினா 108-ஐக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு, அப்பா பீடியைப் பத்தி ஒரு வரியில் முடிச்சுட்டீங்க. அந்தப் புகை அம்மாவுக்கும்தான். திண்ணைக்குப் போய்க் குடிச்சாலும் ஜன்னல் வழியா உள்ளேதான் வரும். விடுறதுக்கு உதவி வேணும்னா 1800-11-2356, தேசிய இலவச எண். அவருக்கும் காலையில் இருமல் இருக்குமே? அவரையும் அந்த மெஷினில் ஊத வைங்க.