மீன் முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்கலாமா?

கடற்கரைக்காரர்: சங்கரா மீன் முள் சிக்கியதற்காக எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்துகொண்டதாக ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டுமா? வெறுஞ்சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கினால் முள் இறங்கிவிடும். எங்கள் தெருவில் இதற்காக ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர் கிடையாது.

செவிலி மலர்: ஐயா, அவர்களில் பெரும்பாலோருக்கு முள் முன்பே வயிற்றுக்குப் போயிருக்கும். அது கீறிய இடம்தான் ஓரிரு நாள் உறுத்தும். உண்மையிலேயே உணவுக்குழாயில் குறுக்கே குத்தி நிற்கும் முள்ளின் மேல் உருண்டையை அழுத்தினால், அது சுவருக்குள் இன்னும் ஏறும். அந்தச் சுவரின் கனம் சில மில்லிமீட்டர்தான். மார்புக்குள் அதை ஒட்டியே பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், வளைந்து செல்கிறது. குழாய் துளைபட்டால் எச்சிலும் கிருமியும் நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். நான் எண்டோஸ்கோப்பி அறையில் வேலை செய்கிறேன். வயிறு நிறையச் சோற்றோடு வருபவருக்கு மயக்க மருந்து கொடுக்கவே தயங்குவார்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

கடற்கரைக்காரர்: அங்கே போய் மட்டும் என்ன கண்டோம்? என் மைத்துனருக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பணம் போனது, வலி போகவில்லை.

செவிலி மலர்: உங்கள் கோபம் நியாயமானது. மீன் முள் பல நேரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. வலி நிற்காதவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். இன்னும் வலிக்கிறதென்றால் அவரை இன்றே அழைத்துப் போங்கள்.

இளந்தாய்: குழந்தை நாணயம் விழுங்கினால் வாழைப்பழம் கொடுக்கச் சொல்கிறார்களே?

செவிலி மலர்: கொடுக்காதீர்கள் அம்மா. உடனே எக்ஸ்ரே எடுங்கள். விழுங்கியது நாணயம் போலவே வட்டமான பட்டன் பேட்டரியாக இருந்தால், 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

கடற்கரைக்காரர்: எங்கள் ஊரிலிருந்து எண்டோஸ்கோப்பி உள்ள ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் 2 மணி நேரம். ஒவ்வொரு கீறலுக்கும் இரவில் ஓட முடியாது.

செவிலி மலர்: கீறலுக்கு ஓட வேண்டாம். எச்சில்கூட இறங்காமல் வாயில் வழிந்தால், ஒரே இடத்தில் குத்தல் நீடித்தால், நெஞ்சோ முதுகோ வலித்தால், காய்ச்சல் வந்தால் அந்த இரவே கிளம்புங்கள். உணவுக்குழாயில் சிக்கிய கூர்மையான பொருளை அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் வழிகாட்டுதல். பஸ் நேரம் போக இன்னும் 4 மணி நேரம் இருக்கிறது. வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

கடற்கரைக்காரர்: எச்சில் இறங்காவிட்டால் கிளம்புகிறோம், அதை ஏற்கிறேன். மைத்துனரையும் அழைத்துப் போகிறேன். வெறும் உறுத்தலுக்குச் சோறு கூடாது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.