எல்லாம் பொருந்தியது, படம் மட்டும் வரவில்லை: சரியான போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

சாக்பீஸ்:
இப்போது சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு வியர்த்துக் கொட்டியது. நான் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் புரொஜெக்டர் பழசு, பின்பக்கம் அந்த நீல நிற, பதினைந்து பின் வி.ஜி.ஏ ஓட்டை மட்டும்தான். நான் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் இருப்பது ஒரு ஹெச்.டி.எம்.ஐ, இரண்டு சி டைப். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நாற்பது ஸ்லைடு தயார் செய்திருந்தேன். போர்ட் விஷயம் முன்பே தெரியும் என்பதால் ஆன்லைனில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தேன், அதனால் பயமே இல்லை.

கூட்டத்தன்று கன்வெர்ட்டரின் வி.ஜி.ஏ முனையை புரொஜெக்டரில் சொருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனையில் ஹெச்.டி.எம்.ஐ கேபிள், அதுவும் கச்சிதம். அதிலிருந்து தொங்கிய யூ.எஸ்.பி வாலை லேப்டாப்பில் மாட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் "சிக்னல் இல்லை". கேபிளை மாற்றினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், புரொஜெக்டரைத் தட்டினேன் (ஆமாம், தட்டினேன்). ஹெச்.எம். அம்மா பின்னாலிருந்து "என்ன சார், கரண்ட் இல்லையா?" என்று கேட்டார்கள். கரண்ட் இருந்தது, விளக்கு எரிந்தது, எல்லாம் பொருந்தியது, படம் மட்டும் இல்லை.

கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி "எங்க அண்ணன் லேப்டாப்ல நீல பின் இருக்கு சார்" என்று வீட்டுக்கு ஓடினாள். 2013-இல் பிளஸ் டூ படித்தபோது அவள் அண்ணனுக்கு அரசு கொடுத்த லேப்டாப். பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, சார்ஜரைப் பிடுங்கினால் அப்படியே அணையும். ஆனால் வி.ஜி.ஏ இருந்தது. பென்டிரைவில் ஃபைலைக் கொண்டுபோய்த் திறந்தால் நான் வானவில் எழுத்துருவில் அடித்த தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது, அது வேறு கதை. படங்களை மட்டும் காட்டி வாயால் பேசிச் சமாளித்தேன்.

கன்வெர்ட்டர் பழுதா, நான் பழுதா என்று இன்னும் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்குமே, சொல்லுங்கள்.

வாடகை லென்ஸ்:
சாரே, கன்வெர்ட்டரும் பழுதில்லை, நீங்களும் பழுதில்லை. அது எதிர்த்திசை. நீங்கள் வாங்கியது வி.ஜி.ஏ-விலிருந்து ஹெச்.டி.எம்.ஐ-க்கு மாற்றுவது, உங்களுக்கு வேண்டியது ஹெச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்கு. ஒருவழிப் பாதை மாதிரி, வண்டி எதிரே வந்தால் நகராது. வி.ஜி.ஏ 1987-இல் வந்த அனலாக் சமாச்சாரம், ஹெச்.டி.எம்.ஐ 2002 கடைசியில் வந்த டிஜிட்டல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும், அந்தச் சிப்புக்கு ஒரு பக்கம்தான் பேசத் தெரியும்.

பதினைந்து வருஷமாக திருச்சியில் புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறேன், இந்தக் கூத்தை மாதம் ஒரு தடவையாவது பார்க்கிறேன். கடையில் கேட்கும்போது "வி.ஜி.ஏ ஹெச்.டி.எம்.ஐ கன்வெர்ட்டர்" என்று கேட்காதீர்கள், "லேப்டாப்பில் ஹெச்.டி.எம்.ஐ, புரொஜெக்டரில் வி.ஜி.ஏ" என்று சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியதில் லேப்டாப் பக்கம் ஹெச்.டி.எம்.ஐ ஆண் முனை நீட்டிக்கொண்டிருக்கும், புரொஜெக்டர் கேபிள் போகிற பக்கம் வி.ஜி.ஏ பெண் முனை. ஹெச்.டி.எம்.ஐ-யின் 19 பின்னில் ஒன்று 5 வோல்ட் கொடுப்பதால் பெரும்பாலும் தனி பவர் வால் தேவைப்படாது. சில லேப்டாப்பில் அந்த 5 வோல்ட் போதாமல் படம் வந்து வந்து போகும், அதற்குத்தான் பக்கத்தில் ஒரு பவர் ஓட்டை வைத்த மாடலாக வாங்கச் சொல்வேன்.

இதைவிடக் கொடுமை செல்போன். போன வருஷம் ஒரு கல்யாண ரிசப்ஷன், மாப்பிள்ளையின் தோழன் சி டைப்பிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ-க்குப் போகிற டாங்கிளோடு வந்து போனில் இருக்கிற வீடியோவைத் திரையில் போடச் சொன்னார். மாட்டினேன், ஒன்றும் வரவில்லை. என் டாங்கிளைப் போட்டேன், அதிலும் இல்லை. "அண்ணே, உங்க புரொஜெக்டர் சரியில்ல" என்றார். என் போனை எடுத்து அதே டாங்கிளில் மாட்டிக் காட்டினேன், பளிச்சென்று வந்தது. சி டைப் ஓட்டை இருப்பதாலேயே படம் வெளியே வரும் என்று அர்த்தமில்லை. போன் தயாரித்தவன் உள்ளே டிஸ்ப்ளே போர்ட் வசதியை வைத்திருக்க வேண்டும். சாம்சங் எஸ் வரிசையில் எஸ்8-இலிருந்து இருக்கிறது, ஐபோனில் சி டைப் வந்த 15-இலிருந்து இருக்கிறது, நடுத்தர விலை போன்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. பெட்டியில் இதை யாரும் பெரிதாக அச்சிடுவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சார், அந்தக் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாருக்காவது ஆகும்.

பின் பெஞ்ச்:
என்னுடையது சின்னக் கதை. புதுப் போனில் இயர்போன் ஓட்டை இல்லை, அப்பா வாங்கிக் கொடுத்த நல்ல வயர் இயர்போன் வீணாகக் கூடாதே என்று சி டைப்பிலிருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு ஒரு குட்டிக் கேபிள் வாங்கினேன். சேலத்திலிருந்து கோவை வரை பஸ்ஸில் பாட்டு கேட்கலாம் என்று ஏறி உட்கார்ந்து மாட்டினால் பாட்டு ஸ்பீக்கரில் ஓடுகிறது, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. பக்கத்து சீட் நண்பன் போனில் அதே கேபிள் வேலை செய்தது. அப்புறம்தான் தெரிந்தது, அதில் இரண்டு ஜாதி: ஒன்று வெறும் வயர், போனே அனலாக் சத்தத்தை அந்த ஓட்டை வழியாக அனுப்பினால்தான் கேட்கும். இன்னொன்றில் டி.ஏ.சி. என்கிற சிப் உள்ளேயே இருக்கும், டிஜிட்டலை வாங்கிச் சத்தமாக மாற்றும். என் போனுக்கு இரண்டாவதுதான் ஆகும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி.

ஆடிட்டர் ஆபீஸ்:
எங்கள் ஆபீஸ் கதையைக் கேளுங்கள். செப்டம்பர் 30, வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள், தேதியை நீட்டுவார்களா மாட்டார்களா என்று எல்லோரும் வாட்ஸப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். சார் அந்த வாரம்தான் மெல்லிசாக ஒரு லேப்டாப் வாங்கியிருந்தார், இரண்டு பக்கமும் சி டைப் தவிர ஒன்றுமில்லை. அறிக்கையை ஏற்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும், அதுவோ பழைய பட்டை யூ.எஸ்.பி. சார் டோக்கனை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு "ஏம்மா, இதை எங்கே சொருகறது?" என்று என்னைக் கேட்டார், அந்த முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

கீழே செல்போன் கடையில், பட்டை யூ.எஸ்.பி-யை சி டைப் ஓட்டையில் மாட்ட உதவுகிற ஓ.டி.ஜி. கனெக்டர் ஒன்று பட்டன் சைஸில் கிடைத்தது, ஒரு டீ வடை செலவுதான். மாட்டியதும் டோக்கன் எடுத்தது. அதோடு விட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று அடுத்த நாள் நான்கு ஓட்டை ஹப் ஒன்று வாங்கி டோக்கன், மவுஸ், பேக்கப் ஹார்ட் டிஸ்க் மூன்றையும் அதில் மாட்டினோம். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம் போடும், கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து டோக்கன் காணாமல் போகும், மறுபடி பின் நம்பர் கேட்கும். தப்பாகப் பல தடவை போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், அந்தப் பயம் வேறு. என் தம்பிதான் விளக்கினான்: லேப்டாப்பின் ஒரு ஓட்டை தருகிற கரண்டைத்தான் ஹப் நான்காகப் பங்கு போடுகிறது. யூ.எஸ்.பி 2.0 கணக்கில் 500 மில்லி ஆம்பியர், 3.0 கணக்கில் 900. சுழலும் ஹார்ட் டிஸ்க் கிளம்பும்போதே அதில் பெரும்பங்கை இழுத்துவிடும். இப்போது ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி ஓட்டை, டோக்கனுக்கு அதே பட்டன் கனெக்டர். ஹப் மேஜை டிராயரில் தூங்குகிறது.

எடைமேடை:
நீங்கள் எல்லோரும் வாங்கினால் கிடைக்கிற போர்ட்டுக்கு அழுகிறீர்கள். எனக்கு வேண்டிய போர்ட்டைக் கம்ப்யூட்டரில் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாமக்கல் ரோட்டில் எடைமேடை வைத்திருக்கிறேன். லாரி ஏறினால் எடை இண்டிகேட்டரில் வரும், அதிலிருந்து ஒன்பது பின் சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய் ரசீது அடிக்கும். பழைய கம்ப்யூட்டர் இடியில் போயிற்று. புதுசில் ஒன்பது பின் இல்லை. யூ.எஸ்.பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றுகிற கேபிள் ஒன்று வாங்கி மாட்டினேன், ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது.

ஒரு நாள் காலை விண்டோஸ் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. எடை வரவில்லை. மாட்டிய சாதனங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கேபிள் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், கூடவே இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேள் என்று ஒரு வாசகம். விற்றவர் எங்கே இருக்கிறாரோ! வெளியே ஜல்லி லாரி ஆறு நிற்கிறது, ஒரு டிரைவர் "அண்ணாச்சி, கையில எழுதிக் குடுங்க, போறேன்" என்று ஹாரன் அடிக்கிறார். கையால் எழுதிய ரசீதைக் குவாரியில் வாங்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் பையன் போனிலேயே வழி சொன்னான். கேபிளை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு அதன் பழைய வெர்ஷனைப் போட்டோம், முக்கோணம் போயிற்று. அப்பாடா என்று எடையைப் பார்த்தால் இன்னும் சைபர். இது அடுத்த கண்டம்: எடைமேடை சாஃப்ட்வேர் காம் 1 என்று நம்பர் போட்ட சீரியல் போர்ட்டைத்தான் பார்க்கும், விண்டோஸ் இந்தக் கேபிளுக்குக் காம் 7 என்று நம்பர் கொடுத்திருந்தது. அதே டிவைஸ் மேனேஜரில் அட்வான்ஸ்டு என்று ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது, அங்கே போய் 1 ஆக்கியதும் 28,460 கிலோ என்று எழுந்து நின்றது. அந்த நம்பரை மறக்கவே மாட்டேன். வேறு சிப் வைத்த கேபிளாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், எந்த ஓட்டையில் மாட்டியதோ அதிலேயே விடுவேன், ஓட்டை மாறினால் நம்பரும் மாறலாம். ஓட்டைக்கு மேல் பெயின்டால் "தொடாதே" என்று எழுதியாயிற்று.

சாலிடர் புகை:
என் பங்குக்கு ஒன்று, ஏனென்றால் வாரத்துக்கு நாலு பேர் இதே புகாரோடு என் பட்டறைக்கு வருகிறார்கள். சி டைப் வைத்த நெக்பேண்ட், டார்ச், கொசு பேட், டிரிம்மர். "பழைய சார்ஜரில் ஏறுகிறது, புது சார்ஜரில் ஏறவில்லை, போர்ட் போச்சு." போர்ட் போகவில்லை. இரண்டு முனையும் சி டைப்பாக இருக்கிற கேபிளில், எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் கரண்டே விடும். அதைத் தெரிவிப்பதற்கு சாதனத்துக்குள்ளே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வைக்க வேண்டும். சில பைசாவை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். பழைய பட்டை ஓட்டை சார்ஜர் யாரையும் விசாரிக்காமல் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அதில் ஏறுகிறது. அம்மாவின் கொசு பேட்டில் நானே இரண்டு ரெசிஸ்டரை ஊதிப் பற்றவைத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்தால்தான் தெரியும், கடுகு அதைவிடப் பெரிசு.

மோசமான கேபிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-16-இல் ஆன்லைனில் விற்கும் சி டைப் கேபிள்களை வாங்கி வாங்கிச் சோதித்து விமர்சனம் எழுதினார். அதில் ஒன்று உள்ளே வயர் மாற்றிப் பிணைத்திருந்ததால் அவருடைய லேப்டாப்பே போய்விட்டது. அதைப் படித்த பிறகு விலையை மட்டும் பார்த்துக் கேபிள் வாங்கும் வழக்கத்தை நான் விட்டேன்.

ஆனால் ஒன்று, இப்போது ஒரே ஓட்டை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நோக்கியா காலத்தை நினைத்துப் பாருங்கள். "சின்ன பின் இருக்கா, பெரிய பின் இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டோம். எதுவும் இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றிக் கிளிப்பில் மாட்டுகிற அந்த விளக்கு மினுக்கும் சார்ஜர், அது இல்லாத பெட்டிக்கடை கிடையாது. அதற்குப் போர்ட்டே வேண்டாம்.

சாக்பீஸ்:
எல்லோருக்கும் நன்றி. வாடகை லென்ஸ் சொன்னபடி லேப்டாப் பக்கம், புரொஜெக்டர் பக்கம் என்று கடைக்காரருக்குப் படம் வரைந்தே காட்டி வாங்கினேன். நேற்று மாட்டியதும் படம் வந்தது, இந்தத் தடவை ஸ்லைடுகளை யூனிகோடில் அடித்திருந்தேன்.

பழைய கன்வெர்ட்டரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணின் வீட்டு லேப்டாப்பில் வி.ஜி.ஏ. புதிதாக வாங்கிய டிவியில் ஹெச்.டி.எம்.ஐ. அவளிடம் கொடுத்து, நீல முனையை லேப்டாப்பில் சொருகு, கேபிளை டிவிக்குக் கொண்டு போ, யூ.எஸ்.பி வாலையும் மாட்டு என்று சொல்லி அனுப்பினேன். இன்று காலை பிரேயருக்கு முன்னாலேயே வந்து நின்றாள்.

"சார், படம் சூப்பரா வருது. சத்தம்தான் வரல."

வி.ஜி.ஏ-வில் சத்தம் போகாது என்பதை நானே மறந்துவிட்டேன். "கன்வெர்ட்டர் பக்கவாட்டுல குட்டியா ஒரு ஓட்டை இருக்கும் பாரு, இயர்போன் ஓட்டை மாதிரி" என்றேன். "அதுலேர்ந்து லேப்டாப் இயர்போன் ஓட்டைக்கு ஒரு வயர் போகணும்."

"ரெண்டு பக்கமும் ஆண் முனையா சார்?"