புதுப்பிப்பு: இட்லி நியூரான் செய்து முடித்தாயிற்று

பத்தாம் வகுப்புக்கு நரம்பு செல்லை, அதாவது நியூரானை, தின்பண்டங்களால் செய்யப் போகிறேன், மின்தூண்டலைக் கொண்டுபோகும் நீண்ட இழையான ஆக்சானுக்கு எதை வைக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் நூடுல்ஸ் என்றீர்கள். அது குழைந்துவிடும் என்று நீளக் காராமணியை எடுத்துக்கொண்டோம்.

செல் உடலத்துக்கு இட்லி, உட்கருவுக்குப் பட்டாணி, புரதம் தயாரிக்கும் நிசில் துகள்களுக்கு எள், தகவலை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகளுக்கு ஓமப்பொடி. இதெல்லாம் சட்டென்று முடிந்தது. நேரம் பிடித்தது ஆக்சானைப் போர்த்தியிருக்கும் மயலின் உறைதான். நீங்கள் சொன்ன குழல் அப்பளம் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த உறையை உண்டாக்கும் ஷ்வான் செல் ஆக்சானைப் பல சுற்று சுற்றிக்கொள்வது அதில் தெரியாது. மெல்லிய சப்பாத்திக் கீற்றைச் சுருட்டினால் அடுக்குகள் தெரிகின்றன. நடுநடுவே விட்ட இடைவெளிதான் ரான்வியர் கணு. மின்தூண்டல் கணுவுக்குக் கணு தாவுவதால் நொடிக்கு 100 மீட்டர்கூடப் போக முடிகிறது. உறையில்லாத இழையில் 2 மீட்டர் போனாலே அதிகம்.

அளவு விகிதம் கேட்டவருக்கு: பெரிய இயக்க நரம்பு செல்லின் உடலம் சுமார் 0.1 மி.மீ. அதை 10 செ.மீ. இட்லியாக்கினால், முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் 1 மீட்டர் ஆக்சான் 1 கி.மீ. நீளும். இதைக் கேட்டதும்தான் வகுப்பே நிமிர்ந்தது.

அப்புறம், இரண்டு குழுவினர் தங்கள் நியூரான்களை ஒட்டவைக்கப் பார்த்தார்கள். இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்சில் இடைவெளி உண்டு, அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருள்தான் அதைக் கடக்கும் என்று பிரித்து வைத்தேன். சட்னி எங்கே என்றார்கள். சரி, அடுத்த முறை அந்த இடைவெளியில் சட்னியே இருக்கட்டும்!